பண்டிகைக்கு முந்தின நாலு ஞாயிறு

கிறிஸ்மஸ் எங்கேயும் போய்விடவில்லை. முன்னைவிட வெளிச்சமாகவும் சத்தமாகவும் வருகிறது; அதில் எனக்குச் சந்தோஷந்தான். மனசு தேடுவது அதற்கு முந்தின நாலு ஞாயிறுகளை. நவம்பர் 27-லிருந்து டிசம்பர் 3-க்குள் எந்த நாளில் ஞாயிறு விழுகிறதோ அன்று தொடங்கி, பண்டிகைக்கு முந்தின ராத்திரி முடிகிற அட்வென்ட் காலம் அது. கோயில் ஆல்டரில் பச்சைத் துணியை எடுத்துவிட்டு ஊதா விரிப்பார்கள். ஊதா விரித்துவிட்டால் எங்கள் வீட்டில் பேச்சே மாறிவிடும். அப்பா கை கழுவப் போகும்போதுகூட வாய்க்குள் ஏதோ ஒரு வசனம் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்பா உபதேசியார். நாசரேத்துக்கும் குரும்பூருக்கும் நடுவே, பனங்காடும் வயலுமாக இருந்த ஒரு சிற்றூரில் சபையைப் பார்த்துக்கொண்டார். சேகரத்து ஐயர் மாதம் ஒருமுறை திருவிருந்து கொடுக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் மணியடிக்கச் சொல்வதிலிருந்து பிரசங்கம்வரை எல்லாம் அப்பாதான். இறையியல் கல்லூரியில் வருஷக்கணக்காகப் படித்தவர் இல்லை. நல்ல குரல், நல்ல ஞாபகசக்தி, ஊரில் எல்லார் வீட்டு அடுப்பங்கரைவரைக்கும் போய் உட்காருகிற உரிமை, இவ்வளவுதான் அவர் கையிருப்பு.

புத்தகங்கள் அலமாரியின் மேல்தட்டு ஒன்றில் அடங்கிவிட்டன. பழுப்புத் தாளில் அட்டை போட்ட வேதாகமம். 1871-ல் பவர் ஐயர் குழு திருத்தி வெளியிட்டு, இன்றும் நம் கோயில்களில் வாசிக்கிற அதே மொழிபெயர்ப்பு. ஜெபப்புத்தகம். பாட்டுப் புத்தகம். முதுகு கிழிந்துபோய் அம்மா கோணியூசியால் தைத்துக் கொடுத்த ஒத்தவாக்கியப் புத்தகம். பாளையங்கோட்டையிலிருந்து வரும் 'நற்போதகம்' இதழ்கள், வருஷவாரியாகச் சணலில் கட்டியவை. அந்தப் பத்திரிகை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தொடங்கியது. நவம்பர் இதழ் வந்தால் அப்பா தபால்காரரை நிற்கவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பிரிப்பார்.

இவை போக, சுற்றுவட்டார உபதேசியார்மார் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வியாக்கியானப் புத்தகம் இருந்தது. சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்திலிருந்து யாரோ தருவித்தது. சேகரத்து ஊரில் மாதக் கூட்டம் நடக்கும் அன்று அது கை மாறும். இந்த மாதம் ஒருவர் வைத்திருந்தால் அடுத்த மாதம் இன்னொருவர். அட்வென்ட் சமயத்தில் மட்டும் அதற்குப் போட்டி உண்டு. அப்பா அதை மஞ்சள் பையில் சுற்றி, மழை படாமல் சைக்கிளில் கொண்டுவருவார். பக்க ஓரங்களில் பென்சில் எழுத்துகள். ஒவ்வொரு கையெழுத்தும் ஒவ்வோர் ஊர். "இதைச் சொல்லுமுன் ஆட்டிடையர் வீட்டில் ஒருதரம் கேட்டுக்கொள்" என்று ஒருவர். "நம் ஜனத்துக்கு இது எட்டாது, வேறு மாதிரி சொல்" என்று இன்னொருவர். ஓரிடத்தில் வெறுமே ஒரு தேதியும், "அழுதேன்" என்ற ஒரு சொல்லும். எழுதியவர் எந்த ஊர் என்று அப்பாவுக்குத் தெரியும், எங்களிடம் சொன்னதில்லை. அச்சடித்த பகுதியைவிட அந்த ஓரங்களை அப்பா நெடுநேரம் படிப்பார்.

பாடத்தைத் தெரிந்தெடுக்கிற வேலை அவருக்கு இல்லை. அது ஜெபப்புத்தகத்தில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் பிறந்து, புதிய ஆராதனை முறைகள் வந்த பிறகும், எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் பழைய ஜெபப்புத்தகத்தை விட மனமில்லாமல் இருந்தார்கள். அதில் நாலு ஞாயிறுக்கும் நிருபம், சுவிசேஷம், சுருக்க ஜெபம் எல்லாம் வரிசையாக இருக்கும். இன்ன ஞாயிறில் இன்னதுதான். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதைத்தான் பிரசங்கிக்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அடுத்த வாரத்துப் பாடம் அவரோடு சேர்ந்து தெருவில் நடக்க ஆரம்பித்துவிடும். யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும், எந்த வயலோரத்தில் நின்றாலும் அந்தப் பாடம் கூடவே இருந்து கேட்டுக்கொண்டிருக்கும். பிரசங்கத்துக்கு வேண்டியதில் பாதியை அவர் அலமாரியிலிருந்து எடுத்தார். மறுபாதியை ஊரிலிருந்து எடுத்தார். எனக்கு இன்றைக்கு ஏக்கமாக இருப்பது அந்த மறுபாதிதான்.

முதல் ஞாயிறின் சுவிசேஷம் பிள்ளைகளான எங்களைத் திகைக்கவைக்கும். மத்தேயு 21. இயேசு கழுதையின்மேல் எருசலேமுக்குள் வருகிற பகுதி. குருத்தோலைக்கு இன்னும் நாலைந்து மாதம் கிடக்கிறதே, டிசம்பரில் ஏன் இதை வாசிக்கிறார்கள்? கேட்டால் அப்பா, "வாசித்து முடி, பதில் கடைசியில இருக்கு" என்பார். பகுதியின் கடைசியில் இயேசு தேவாலயத்துக்குள் போய்க் காசுக்காரர்களின் பலகைகளைக் கவிழ்க்கிறார். 1549-ல் ஆங்கில ஜெபப்புத்தகத்தை உருவாக்கிய கிரான்மர், பழைய பாடத்தை அதுவரைக்கும் நீட்டிச் சேர்த்துவிட்டார். வருகிறவர் முதலில் வீட்டைச் சுத்தம் செய்கிறார். அந்த வாரந்தான் எங்கள் கோயிலுக்கும் வெள்ளையடிப்பு. மணியடிக்கிற கோயில்குட்டி சுண்ணாம்பு கரைக்க, வாலிபர்கள் ஏணி பிடிக்க, பெண்கள் பெஞ்சுகளைக் குளத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தேங்காய் நாரால் தேய்ப்பார்கள். பிரசங்கம் ஒரு ஞாயிறோடு முடியாமல் வாரம் முழுக்கச் சுண்ணாம்பு வாசத்தில் நடந்தது.

அன்று சொல்லுகிற சுருக்க ஜெபத்தைப் பண்டிகைக்கு முந்தின நாள்வரை தினமும் சொல்லவேண்டும் என்பது ஜெபப்புத்தகத்தின் கட்டளை. இருளின் செய்கைகளைக் கழற்றிவிட்டு ஒளியின் ஆயுதங்களைத் தரித்துக்கொள்ளக் கிருபை கேட்கிற ஜெபம். ரோமர் 13-லிருந்து எடுத்தது. தினமும் சாயங்காலம் அரிக்கேன் விளக்கைச் சுற்றிச் சொல்லிச் சொல்லி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் மனப்பாடமாகிவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஆடு பத்திக்கொண்டு வரும்போது அதைப் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்லிக்கொண்டே வருவான். மழை இருட்டில் சத்தம் மட்டும் முதலில் வரும்.

இரண்டாம் ஞாயிறு வேதாகம ஞாயிறு. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்கு, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது முதல் பவர் ஐயர்வரை அப்பா வரிசையாகச் சொல்வார். வருஷந்தோறும் அதே கதை. வருஷந்தோறும் அதே ஆர்வம். வேதாகமச் சங்கத்துக்குக் காணிக்கை எடுப்பார்கள். கையில் காசில்லாதவர்கள் கோழிமுட்டை கொண்டுவருவார்கள். அதே ஞாயிறின் சுவிசேஷமோ லூக்கா 21. சூரியனிலும் சந்திரனிலும் அடையாளங்கள், கடலின் கொந்தளிப்பு, ஜனங்களின் கலக்கம். 1964 டிசம்பர் 6-ஆம் தேதி அப்பா அதை வழக்கம்போல வாசித்தார். அந்த மாதம் 22-ஆம் தேதி ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து போன ரயிலும் அதோடு போனது. செய்தி எங்கள் ஊருக்கு எட்டியபோது பண்டிகைக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு அம்மா வாசலுக்கு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்த வருஷம் இரண்டாம் ஞாயிறு வந்ததும் அந்தப் பகுதியை எப்படி வாசிப்பது என்று அப்பா வெகுநேரம் யோசித்தார். வாசித்தார். ஆனால் அடையாளங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. அந்தப் பகுதியில், பயந்து நிற்கிறவர்களைப் பார்த்துத் தலையை உயர்த்தச் சொல்கிற இடம் ஒன்று உண்டு. அதை மட்டும் எடுத்துக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் பக்கத்தில் போய் உட்காருவது எப்படி என்று பேசினார். உலக முடிவைப் பற்றிக் கணக்குச் சொல்லுகிற பிரசங்கங்கள் எங்கள் சீமையில் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அப்பா அந்தப் பக்கம் போனதேயில்லை. அவர் செய்தது சரி என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

மூன்றாம் ஞாயிறைத்தான் நான் விரிவாகச் சொல்லவேண்டும். அன்றைக்கு மத்தேயு 11. சிறையில் கிடக்கிற யோவான்ஸ்நானன் ஆள் அனுப்பி, வருகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று இயேசுவிடம் கேட்கிறார். ஒரு வருஷம் அந்தச் சமயம் எங்கள் தெருவில் ஒரு பெரியம்மையின் மகன் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தான். வரப்புத் தகராறில் கைகலப்பாகி ஒருவருக்குப் பலத்த காயம். தீர்ப்பாகி உள்ளே போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகு அந்தப் பெரியம்மை கோயிலுக்கு வந்தாலும் கடைசித் தூணோடு ஒட்டி உட்கார்ந்து, முடியுமுன் எழுந்து போய்விடுவார். காயம்பட்டவர் வீடும் அதே சபைதான். அதனால் யாரும் எதுவும் பேசவில்லை.

அப்பா அந்த வாரம் பிரசங்கக் குறிப்பை எழுதி முடித்துவிட்டார். மூன்று பிரிவு: யோவானின் கேள்வி, இயேசுவின் பதில், நமக்குள்ள பாடம். 'நற்போதகம்' கட்டிலிருந்து ஒரு நல்ல உதாரணமும் கிடைத்திருந்தது. எல்லாம் முடித்து டைரியை மூடிவிட்டு, மறுநாள் காலை அந்தப் பெரியம்மை வீட்டுக்குப் போய், "யம்மா, பிள்ளையைப் பாக்கப் போவோமா?" என்று கேட்டிருக்கிறார். திருச்செந்தூர் ரயிலில் நாசரேத்தில் ஏறி, பாளையங்கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, இரண்டு பேரும் நடந்தே போனார்கள். அம்மா கருப்பட்டி போட்ட அதிரசம் கொடுத்துவிட்டாள். அதை உள்ளே அனுமதிக்கவில்லை. திரும்பிவந்து அப்பா அதை அப்படியே அம்மாவிடம் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்த்து அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது அவரே சொன்னார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்த அண்ணன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஐயா, சபை ரிஜிஸ்தர்ல என் பேர அடிச்சிட்டாங்களா?"

அன்று விளக்கு நெடுநேரம் எரிந்தது. எழுதிவைத்த பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் புதிதாக எழுதினார். ஞாயிறன்று அவர் பேசியது பத்து நிமிஷத்துக்குமேல் இருக்காது. யோவான் கேட்டதை இயேசு குற்றமாகச் சொல்லவில்லை. குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், தரித்திரருக்கு நல்ல செய்தி போகிறது என்று, கண்ட காரியத்தைப் போய்ச் சொல்லச் சொன்னார். சிறையைத் திறந்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பவில்லை. இதுவரை எல்லாரும் சொல்லுவதுதான். பிறகு அப்பா வேதாகமத்தைக் கையில் தூக்கி, "இங்க ஒண்ணு கவனிங்க" என்றார். யோவானைப் பெரியவன் என்று இயேசு அவ்வளவு உயர்வாகப் பேசினது எப்போது? வந்த ஆட்கள் திரும்பிப் போன பிறகு. "அப்போ அந்தப் பேச்சு ஜெயிலுக்குள்ள இருந்தவர் காதுல விழுந்துச்சா? விழுந்ததா வேதத்துல எழுதல. ஒருத்தரைப் பத்தி ஆண்டவர் சொன்ன நல்ல வார்த்தை அவர் காதுக்குப் போய்ச் சேராமலே இருந்திடலாம். கொண்டுபோய்ச் சேக்க ஆள் வேணும்." ரிஜிஸ்தரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பாட்டு நம்பரைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

பண்டிகைக்கு முன்பே சபைப் பெரியவர்கள் சிலர் பாளையங்கோட்டைக்குப் போய்வந்தார்கள். காயம்பட்டவரின் தம்பியும் போனார். அவர் போனது எல்லாருக்கும் பெரிய விஷயம். அந்தப் பெரியம்மை அதற்கப்புறமும் கடைசித் தூணோடுதான் உட்கார்ந்தார். ஆனால் ஆசீர்வாதம் முடியும்வரை இருந்தார்.

இந்தப் பிரசங்கத்தை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்திருக்க முடியாது. அதே சமயம், பாடம் மத்தேயு 11 என்று முன்கூட்டியே விதித்திருக்காவிட்டால் அப்பா அந்த வாரம் ஜெயிலுக்குப் போயிருப்பாரா என்பதும் எனக்குச் சந்தேகம்.

நாலாம் ஞாயிறு தண்ணீரோடு சேர்ந்து வரும். எங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனத்தின் கடைமடை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி, கடம்பாகுளம் நிறைந்து, வழியிலுள்ள குளமெல்லாம் குடித்த பிறகுதான் எங்களுக்கு. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தாலும் குளம் பெருகுவது ஆற்றுத் தண்ணீர் வந்தால்தான். தண்ணீர் வருமுன் ஊர்கூடி வாய்க்கால் வெட்டுவார்கள். அமலைச்செடி இழுத்து, மண் அள்ளி, கரை ஒதுக்கி. அன்றைய சுவிசேஷத்தில் யோவான், ஏசாயா சொன்னபடி, கர்த்தருக்கு வழியைச் செம்மையாக்கச் சொல்கிற குரல் தான் என்று சாட்சி சொல்கிறார். அப்பா மண்வெட்டிக் காய்ப்போடு பிரசங்க மேடையில் நின்று சொன்னது இது: தண்ணியை நாம உண்டாக்கல, மேற்கே மலையில பெய்யுது, கூப்பிட்டா வராது, பிடிச்சு இழுத்தா வராது, வந்தா போக வழி இருக்கணும், அவ்வளவுதான் நம்ம வேலை. வழி என்றால் பாலைவனத்துச் சாலையை நினைத்திருந்த எனக்கு அன்றிலிருந்து ஏசாயா 40-ஐ வாசித்தால் வாய்க்கால்தான் கண்ணில் நிற்கிறது.

பாட்டும் அப்படித்தான், காத்திருந்துதான் வரும். கிறிஸ்மஸ் பாட்டுகளை 24-ஆம் தேதி ராத்திரிக்கு முன் கோயிலுக்குள் பாட அப்பா விடமாட்டார். தெருப் பஜனையில் பாடலாம், வீட்டில் ஆர்மோனியம் வைத்துப் பழகலாம். ஆராதனையில் அட்வென்ட் பாட்டுதான். ஜெர்மன் ஞானப்பாட்டுகளைப் பப்ரிசியுஸ் போன்றவர்கள் தமிழாக்கிய நீளமான, மெதுவான பாட்டுகள். இம்மானுவேலை வரச்சொல்லி அழைக்கிற அந்தப் பழைய லத்தீன் பாட்டும் உண்டு. மேற்கத்தியத் திருச்சபையில் டிசம்பர் 17 முதல் 23 வரை நாளுக்கொன்றாகக் கிறிஸ்துவின் ஏழு நாமங்களைச் சொல்லி அழைத்த வழக்கத்திலிருந்து பிறந்தது அது: ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், அருணோதயம், ஜாதிகளின் ராஜா, இம்மானுவேல். அப்பா அந்த ஏழு நாளும் சாயங்கால ஜெபத்தில் ஒவ்வொரு நாமத்தையும் எடுத்துப் பேசுவார். திறவுகோல் நாளன்று கோயில்குட்டி தன் இடுப்புச் சாவிக்கொத்தைத் தொட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

வயதான பெண்களுக்கு அவர் வைத்திருந்தது வேறொன்று. வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) எங்கள் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யை அப்பா திண்ணையில் உட்கார்ந்து கதையாகச் சொல்வார். பெத்லகேம் நாதர்மேல் ஏக்கம் கொண்ட தேவமோகினி. அவளுக்குக் குறி சொல்ல வருகிற குறத்தியாக விசுவாசமே வருகிறது. குற்றாலக் குறவஞ்சியைக் கேட்டுப் பழகிய சீமை அது. தெருவுக்கு வந்து கைபார்த்துக் குறி சொல்கிற பெண்களைப் பார்த்தவர்கள் அவர்கள். ஒரு பெண் காத்திருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொழும்புக்கும் பம்பாய்க்கும் பிழைக்கப் போன புருஷன்மாருக்காகக் காத்தவர்கள். கதை நடுவில் அவர்களே குறுக்கிட்டு, "அவ சொன்னது நெசந்தான்" என்பார்கள். இரட்சணிய யாத்திரிகம் எழுதிய கிருஷ்ணபிள்ளையும் எங்கள் சீமைக்காரர்தான். ஆனால் அவருடைய விருத்தங்களை அப்பா தனக்காக மட்டும் படித்துக்கொண்டார். திண்ணைக்குக் கொண்டுவந்தது சாஸ்திரியாரைத்தான்.

இந்தக் காத்திருப்பெல்லாம் முடிந்து, 25-ஆம் தேதி விடியற்காலம் நாலு மணி ஆராதனையில் முதல் கிறிஸ்மஸ் பாட்டை ஆர்மோனியம் எடுக்கும்போது, கோயிலுக்குள் அது ஒரு வருஷம் கழித்துக் கேட்கிற சத்தம். பெரியவர்களுக்கே குரல் உடையும்.

நான் சென்னைக்கு வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவ்வப்போது பேசச் சொல்கிறார்கள். பேசுவதற்கு வேண்டியது இன்று விரல்நுனியில் இருக்கிறது. திருச்சபையே வருஷந்தோறும் ஞாயிறுவாரியாகத் தலைப்பும் பாடங்களும் அச்சிட்டுத் தருகிறது. மூன்று வருஷச் சுற்றில் மத்தேயு, மாற்கு, லூக்கா என்று போகிற பொதுப் பாட அட்டவணை 1992-லிருந்து உலகம் முழுக்கப் பல சபைகளில் வழங்குகிறது. வாட்ஸப்பில் பிரசங்கக் குறிப்புகள் முந்தின வாரமே வந்துவிடுகின்றன. கேட்க நினைத்தால் எந்தத் தேசத்துப் பிரசங்கியார் குரலும் கேட்கும். ஊதாவில் மூன்றும் இளஞ்சிவப்பில் ஒன்றுமாக நாலு மெழுகுவர்த்தி வைத்த வளையமும் எங்கள் கோயிலில் ஏற்றுகிறார்கள். ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய விஹெர்ன் என்ற போதகர், பண்டிகைக்கு எத்தனை நாள் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக 1839-ல் ஒரு சக்கரத்தில் மெழுகுவர்த்திகள் வைத்ததிலிருந்து வந்த வழக்கம் அது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அப்பா பார்த்திருந்தால் அவருக்கும் பிடித்திருக்கும்.

இந்த வசதிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஒற்றை வியாக்கியானத்துக்காக மழையில் சைக்கிள் மிதித்த மனிதரின் மகள் நான். இப்போதுள்ளதில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்திருந்தால் அவர் முழங்கால் போட்டு நன்றி சொல்லியிருப்பார். ஆனால் வந்துசேரும் குறிப்புகளில் ஓரம் இல்லை. இதை நம் ஜனத்திடம் வேறு மாதிரி சொல் என்று எழுதிவைக்க ஒரு பக்கத்து ஊர்க்காரர் இல்லை. எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருவருக்கு நடந்த உதாரணம், அழகாகச் சொல்லப்பட்டு, நம் சபைக்கு வந்து நிற்கிறது. நம் சபையில் கடைசித் தூணோடு உட்கார்ந்திருக்கிறவர் யார் என்று அதற்குத் தெரியாது. சனிக்கிழமை ராத்திரி ஒரு மணி நேரத்தில் பிரசங்கம் தயாராகிவிடுவதால், பாடம் ஒருவரோடு வாரம் முழுக்க நடந்து திரியவும் இடமில்லை. அட்வென்ட் முதல் ஞாயிறன்றே கேரல் ஆராதனை வைத்துவிடுகிற இடங்களில் நடக்க வேண்டிய அந்த நாலு வாரமும் இல்லை.

அப்பாவின் டைரிகளில் பெரும்பாலானவற்றைக் கரையான் தின்றுவிட்டது. உரக்கடைக்காரர் கொடுத்த ஒரே ஒரு டைரி என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அதில் ஒவ்வொரு பிரசங்கத்துக்கும் இடப்பக்கம் வசனங்கள். வலப்பக்கம் முழுக்க ஆட்களின் பெயர். இன்னார் வீடு, இன்னார் மருமகள், கிணற்றடி. குறிப்பு எழுதுமுன் போய்ப் பார்க்க வேண்டியவர்கள். போய்வந்த பெயருக்கு நேரே ஒரு சின்னச் சிலுவைக் குறி. இதைப்போல எத்தனை உபதேசியார் வீட்டுப் பரண்களில் எத்தனை டைரிகள் கிடக்கின்றனவோ. நம் சபைகளின் உண்மையான பிரசங்க நூலகம் அதுதான் என்பது என் எண்ணம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலோ பாளையங்கோட்டையிலோ யாராவது வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்தால் நான் இந்த ஒன்றைக் கொடுத்துவிடுவேன்.

இந்த அட்வென்டில் மூன்றாம் வாரம் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாடம் யோவான்ஸ்நானன்தான். எங்கள் சங்கத்தில் ஒரு தங்கச்சி கொஞ்ச நாளாக வருவதில்லை. மகன் புழல் ஜெயிலில் இருக்கிறான் என்று கேள்வி. குறிப்பு இன்னும் எழுதவில்லை. வியாழக்கிழமை அவள் வீட்டுக்கு வருகிறேன் என்று போனில் சொன்னேன். எதற்கு அக்கா என்றாள். சும்மாதான், உட்கார்ந்து பேச என்றேன். சாயங்காலம் நாலு மணிக்குமேல் வரச் சொல்லியிருக்கிறாள், அதற்குள் தண்ணீர் லாரி வந்து போய்விடுமாம்.